மங்கம்மாள் என்னும் பாட்டியார்

(மேகமலை அடிவாரத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்து மாதர் செய்த அறங்களைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். பள்ளிச் சிறுவர்க்கு இலக்கணம் கற்பித்துக் காலங்கழிக்கும் யான், இப்பேரவைக்குப் புதியதாய்ச் சொல்லத்தக்கது யாது என்று பலநாள் எண்ணினேன். அறஞ்செய்த மாதர் நம்மவருள் பலராவர். அவருள் ஒருவரைப் பற்றி விரியக் கூறுதலே பயனுடைத்து எனத் துணிந்தேன். அவ்வொருவர் மதுரை நாயக்க அரசை ஏறக்குறையப் பதினேழாண்டு தாங்கிய இராணி மங்கம்மாள் ஆவார்.

மங்கம்மாளின் பெயரை அறியாதார் இங்கு ஒருவரும் இலர். திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய அரசுப் பேருந்துகள் 1997 வரையில் அப்பெயரைத் தாங்கி ஓடியதைப் பெரியோர் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஆயினும் அவரை அரசியென்று அறிந்த அளவு, ஒரு தாயென்றும் பாட்டியென்றும் நாம் அறிந்தோமில்லை. கணவனை இழந்து, மகனை இழந்து, மருமகளையும் இழந்து, மூன்று மாதக் குழந்தையாகிய பேரனைக் கையிலேந்தி நின்ற ஒரு மூதாட்டியாக இன்று அவரைக் காண்போம். நம் வீடுகளிலே பாட்டியை 'அவ்வா' என்று அழைக்கின்றோம். அம்முறையிலே அவரை அணுகினால், ஏடுகளில் உறங்கும் வரலாறு நம் அடுக்களை வரையில் வந்து நிற்கும்.

வந்த குடிகள்

நம் முன்னோர் இந்நிலத்துக்கு வந்தவர் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. விசயநகரப் பேரரசின் ஆணைபெற்று விசுவநாத நாயக்கர் 1529-ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியை மேற்கொண்டார் என்பர். அக்காலத்தை ஒட்டியும் அதன் முன்னும் பின்னும் தெலுங்கு நாட்டிலிருந்தும் கன்னட நாட்டிலிருந்தும் குடிகள் பல தெற்கு நோக்கிப் பெயர்ந்தன. போர்வீரரும், உழவரும், ஆநிரை மேய்ப்பாரும், நெய்வாரும் அவருள் இருந்தனர். பின்னர்ப் பாளையங்கள் வகுக்கப்பட்டபோது போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் முதலிய ஊர்கள் இப்பள்ளத்தாக்கிலே சிறப்புற்றன. வெள்ளம் பெருகிய ஆற்றங்கரையில் வழியின்றித் திகைத்து நின்றபோது, இரு கரையிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து பாலமாய்க் கிடந்து தம்மைக் கடத்திவிட்டன என்று கம்பளத்தார் தம் குடிவரவைப் பற்றி வழிவழியாகக் கூறுவர். இன்றும் புங்கமரத்தை அவர்கள் போற்றுகின்றனர்.

அக்கதையைச் சிறிது கருத்தூன்றி நோக்குங்கள். அகதியாய் வந்தவனுக்கு முதலிற் கைகொடுத்தது ஒரு மரம். அம்மரம் 'நீ யார்? எவ்வூர்? எம்மொழி?' என்று வினவவில்லை, வளைந்து கொடுத்தது. இதனை மனத்திற் கொள்ளுங்கள். மங்கம்மாளின் அறங்களைக் கூறும்போது மரம் மீண்டும் வரும்.

இக்காலத்திலே பிறரை 'வந்தேறி' என்று இகழ்ந்து பேசும் வழக்கம் ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. அச்சொல் ஒருகால் நம்மைச் சுட்டியும் எழுவதுண்டு. அதனைக் கேட்டுச் சினங்கொள்வதாற் பயனில்லை. வந்தவன் ஒரு நிலத்துக்கு உரியவனாவது எவ்வாறு என்பதே நாம் ஆராயவேண்டுவது. வாளால் உரியவனானேன் என்பான் ஒருவன். பட்டயத்தால் உரியவனானேன் என்பான் மற்றொருவன். வாள் துருவேறும், பட்டயம் செல்லரிக்கும். அந்நிலத்தார் தாகத்துக்கு நீரும், பசிக்குச் சோறும், வெயிலுக்கு நிழலும் கொடுத்தவன் பெயரோ அந்நிலத்தின் வாயிலேயே நின்று வழங்கும். இவ்வுண்மைக்கு மங்கம்மாளினும் சிறந்த சான்று வேறில்லை.

தாயும் பாட்டியும்

மங்கம்மாள் தெலுங்கு மொழி வழங்கிய படைத்தலைவர் குடியிற் பிறந்தவர். அவர் தந்தையார் துபாக்கி இலிங்கம நாயக்கர். 1659 முதல் 1682 வரையில் ஆண்ட சொக்கநாத நாயக்கருக்கு அம்மையார் மனைவியானார். சொக்கநாதர் காலம் துன்பம் மலிந்த காலம். 1673-இல் அவர் தஞ்சையை வென்றும் அதனை நெடிது காக்கவில்லை. சில ஆண்டுகளிலே அது மராட்டிய ஏகோசியின் கையில் வீழ்ந்தது. மைசூரார் ஒருபுறமும், மறவர் சீமையார் ஒருபுறமும் நெருக்கினர். பரந்த அரசு சுருங்கியதைக் கண்ட துயரோடு 1682-இல் சொக்கநாதர் மறைந்தார்.

அக்காலத்து அரச குடும்பங்களிலே கணவன் இறந்தால் மனைவி உடன்கட்டை ஏறுதல் பெருமையெனக் கருதப்பட்டது. மங்கம்மாள் அவ்வழியை நாடவில்லை. இளைஞனாகிய மகன் அரங்ககிருட்டிண முத்துவீரப்பனை ஆளாக்கும் கடமை தம்மைச் சார்ந்தது என உணர்ந்து உயிர்தாங்கினார். உயிரைத் தீயில் இடுதலைக் காட்டிலும், துயரத்தைச் சுமந்துகொண்டு பிறர்க்காக வாழ்தல் கடினம். அக்கடினத்தை அவர் மேற்கொண்டார்.

மகனும் வீரமும் மானமும் உடையவனாய் விளங்கினான். முகலாயப் பேரரசரின் செருப்பை யானைமேல் ஏற்றி வந்து, சிற்றரசர் யாவரும் அதனை வணங்கவேண்டுமென்று வற்புறுத்திய காலத்திலே, அவன் அதனை வணங்க மறுத்துத் தன் காலிலேயே மாட்டிக்கொண்டான் என்று ஒரு கதை வழங்குகின்றது. அத்தகைய மகன் 1689-இல் வைசூரியால் மாண்டான். அப்போது அவன் மனைவி முத்தம்மாள் நிறைசூலி.

முத்தம்மாள் கணவனோடு மாய விரும்பினாள். மாமியாராகிய மங்கம்மாள் அவளைத் தடுத்து, வயிற்றிலுள்ள குழந்தையின் பொருட்டேனும் வாழுமாறு வேண்டினார். குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளிலே, பேறுற்ற உடம்புக்கு ஆகாத குளிர்நீரைப் பருகி அவள் உயிர் நீத்தாள் என்று வரலாறு எழுதினோர் கூறுகின்றனர். தாய்மார்களே! பிள்ளைபெற்ற பெண்ணின் பக்கத்திலே இருந்து பத்தியமும் காவலும் பார்த்த கைகள் உங்கள் கைகள். அவ்வறையிலே அன்று மங்கம்மாள் பட்ட பாட்டை யான் விரித்துரைக்கவேண்டுவதில்லை. ஒரு கையில் அழும் குழந்தை. எதிரில் மருமகளின் உடல். வெளியே அரசனில்லாத அரசு.

மூன்று மாதக் குழந்தையாகிய பேரனுக்கு விசயரங்க சொக்கநாதன் எனப் பெயர் சூட்டி முடிபுனைந்து, அவன் பெயராலே அம்மையார் ஆட்சியை ஏற்றார். 1689-இல் தொடங்கிய அவ்வாட்சி 1706 வரையில் நடந்தது. முகலாயர் படை தென்னாடு முழுதும் நிழல்பரப்பிய காலம் அது. அவரோடு வீணே பொருது குடிகளை அழிக்காமல், திறையும் பரிசிலும் அளித்து நாட்டைக் காத்தார். பொருதே தீரவேண்டிய இடத்துத் தளவாய் நரசப்பையரைக் கொண்டு பொருதார். 1697-இல் திருவிதாங்கூர்மேற் சென்ற படை வென்று மீண்டது. இவையெல்லாம் அரசியல் நூல்களிற் கண்டுகொள்ளத்தக்கன. அவற்றை விரிக்காது, அவருடைய பக்தியையும் கொடையையும் பற்றிப் பேசுவேன்.

பக்தியும் கொடையும்

மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலிலே, பொற்றாமரைக் குளத்தின் கரையிலுள்ள ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தை நிமிர்ந்து நோக்கினால், மீனாட்சி திருக்கல்யாணக் காட்சி வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கக் காணலாம். அவ்விடத்திலே மங்கம்மாளும் சிறுவனாகிய பேரனும் தொழுது நிற்கும் கோலத்தில் எழுதப்பட்டுளர். அரியணையில் அமர்ந்த கோலத்தை அங்குக் காட்டினாரில்லை. பேரனோடு கோயிலுக்கு வந்த பாட்டியின் கோலமே அது. திருவிழாவன்று பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் நம் அவ்வாமாரின் நிலையும் அதுவேயன்றோ?

அம்மையாரின் பக்தி கைகூப்புதலோடு நின்றுவிடவில்லை. காலுக்கு வழியாகவும், நாவுக்கு நீராகவும் மாறிற்று. அவர் செய்த அறங்களுள் தலைசிறந்தவை சாலைகளும் சத்திரங்களுமாம். மதுரையிலிருந்து தெற்கே குமரிமுனை நோக்கிச் செல்லும் பெருவழியைச் செப்பனிட்டு, இருமருங்கும் மரம் வைத்து, இடையிடையே வழிப்போக்கர் தங்கச் சாவடிகளும் சத்திரங்களும் அமைத்தார் என்பர். 'மங்கம்மாள் சாலை' என்னும் பெயர் தென்பாண்டி நாட்டிலே இன்றும் பலவிடத்து வழங்குகின்றது. மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரிலே அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாத யாத்திரிகர் இலர். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பழுதுபார்த்து உழவர்க்கு நீர் தந்தார்.

இச்சாலைகள் எழுந்தமைக்குக் காரணமாக மக்கள் ஒரு கதை கூறுவர். ஒருநாள் அம்மையார் தம்மை மறந்து இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயிலிட்டாராம். அது தகாத செயல் என்று மனம் நொந்து, அதற்குக் கழுவாயாக இவ்வறங்களைத் தொடங்கினாராம். கதை மெய்யோ பொய்யோ, அதன் உட்கருத்து நன்று. தம்மிடத்துக் கண்ட அணுவளவு குறைக்கு ஈடாக ஆயிரங்காதம் நிழல் பரப்பினார் என்று மக்கள் நம்பினர். ஒருவர் செய்த நன்மையின் அளவை மக்கள் இவ்வாறே கதைகளால் அளப்பர்.

இனி, மங்கம்மாள் கொடையின் மற்றொரு பண்பைக் கூறுவேன். அது தம் சமயத்தார், தம் இனத்தார் என்னும் எல்லையைக் கடந்தது. திருச்சிராப்பள்ளியிலே நத்தர் வலி தர்காவுக்கு 1701-இல் நிலம் அளித்தார். ஏசு சபையைச் சேர்ந்த பூசே பாதிரியார் திருச்சிராப்பள்ளி அரசவைக்கு வந்தபோது மரியாதையோடு வரவேற்கப்பட்டார். 1693-இல் மறவர் சீமையில் அருளானந்தர் எனப்பட்ட பிரிட்டோ பாதிரியார் கொலையுண்டமை அனைவரும் அறிந்தது. அக்காலத்தை எண்ணினால் இவ்வரவேற்பின் அருமை விளங்கும்.

சௌராட்டிரர் வழக்கு ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. கூர்ச்சர தேசத்திலிருந்து பல நாடு கடந்து வந்து மதுரையிலே பட்டு நெய்து வாழ்ந்த குடிகள் அவர்கள். ஆவணி அவிட்டச் சடங்கை அவர்கள் செய்தல் தகாது என்று சிலர் எதிர்த்தனர், செய்தவர் பிடிக்கப்பட்டனர். வழக்கு அம்மையாரிடம் வந்தது. அவர் சாத்திரம் வல்ல பெரியோரைக் கூட்டி ஆராயச் செய்து, அக்குடிகள் தம் சடங்கை நடத்தலாம் என்று 1705-இல் ஓலையில் ஆணை அளித்தார். ஒரு காலத்தில் வந்த குடியிலே தோன்றிய அரசி, மற்றொரு காலத்தில் வந்த குடியின் குறையைக் கேட்டுத் தீர்த்தார். தாம் உள்ளே புகுந்தபின் கதவைச் சாத்தாமல், பின்வருவோர்க்கும் திறந்து வைத்தார். வந்தவர்க்கு அழகு இதுவேயாகும்.

காவிரி நீரைப் பற்றியும் ஒரு செய்தியுண்டு. மைசூரையாண்ட சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணையிட்டு நீரைத் தடுத்தபோது, திருச்சிராப்பள்ளி நாட்டாரும் தஞ்சை நாட்டாரும் ஒருங்கே வருந்தினர். அதுவரையிற் பகைத்து நின்ற மதுரை நாயக்கரும் தஞ்சை மராட்டியரும் அவ்வொரு காரியத்திலே கைகோத்துப் படைதிரட்டினர். அதற்குள் பெருமழை பெய்து அவ்வணை தானே உடைந்தது. தெலுங்கு மொழியாரும் மராட்டிய மொழியாரும் தமிழுழவர் வயலுக்கு நீர்வேண்டி ஒன்றுபட்டனர் என்றால், அவர் இந்நிலத்தார் ஆயினர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? 1895 முதல் பெரியாற்று நீரால் பசுமையடைந்த இப்பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு நீரின் அருமையை எடுத்துரைக்கவேண்டுவதில்லை.

மலைக்கு வந்த தாய்மார்

அரசிகளுக்கே அறம் உரியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மங்கம்மாள் பெருவழியிற் செய்ததை, நம் பாட்டிமார் தெருவிற் செய்தனர். யான் நேரிற் கண்டறிந்தது ஒன்று கூறுவேன்.

இதோ, நமக்கு மேலே முகில் தவழும் இம்மேகமலையிலே சென்ற நூற்றாண்டில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராசன்மெட்டு என்னும் இடங்களிலே கொழுந்தெடுக்கவும் களை வெட்டவும் தமிழ்நாட்டின் பல பக்கத்திலிருந்தும் ஏழைமாதர் வந்தனர். அவர்களும் வந்தவரே. தம் ஊரில் மழை பொய்த்தமையால் வந்தவர் சிலர். கடனால் வந்தவர் சிலர். கணவன் கைவிட்டமையால் வந்தவர் சிலர். முதுகிலே கூடை, தலையிலே கொங்காணி, காலிலே அட்டைக்கடி. இதுவே அவர்தம் அணிகலம்.

என் தந்தையாரைப் பெற்ற அவ்வா சின்னமனூர்ப் பக்கத்தில் வாழ்ந்தார். தெய்வத்தோடு பேசுவது தெலுங்கில். அண்டை அயலாரோடு பேசுவது தமிழில். எழுத்தறியார்; ஆயினும் ஏகாதசி எந்நாள், அமாவாசை எந்நாள் என்று பஞ்சாங்கம் பாராமலே கூறுவார். நாள்தோறும் உலையிலிட அரிசி அளக்கும்போது, முதற்பிடியை எடுத்துத் தனிப்பானையிலே இடுவார். "இது நம்முடையதன்று" என்பார். அப்பானை நிறையும், விரைவிற் குறையும். சித்திரை, வைகாசியில் திண்ணையோரத்திலே மோர்ப்பானை இருக்கும். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோர் அது. சந்தைக்கு இறங்கிய தோட்டத்து மாதர் மீண்டும் மலையேறுமுன் அங்கே தங்கிக் குடித்துச் செல்வர்.

தோட்டத்திலிருந்து கருவுற்ற பெண் எவளேனும் மழைக்காலத்திற் கீழிறங்கி மருத்துவமனையில் பிள்ளைபெற்றாள் என்று கேள்வியுற்றால், அவ்வா பூண்டும் மிளகும் இட்டு மருந்துக்குழம்பு வைத்து, சோற்றோடு தூக்குப்பாத்திரத்தில் எடுத்துச் செல்வார். அப்பெண் என்ன குலம் என்று அயலார் கேட்டதுண்டு. "பிள்ளைபெற்றவள், அவள் குலம் அதுதான்" என்பது அவ்வாவின் விடை. சாத்திரம் பல கற்ற யான், இவ்விடையினும் பெரியதொரு சாத்திரத்தை எந்நூலிலும் கண்டிலேன்.

நாட்டுப்புறத்து வழியோரங்களிலே சுமைதாங்கிக் கற்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரு கல்லை நட்டு, அவற்றின்மீது ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவன் பிறர் துணையின்றியே அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறலாம். வயிற்றிற் குழந்தையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டுதல் நம் நாட்டு வழக்கு. இறக்காமலே போன சுமையோடு மாண்டவள் பொருட்டு, வழிப்போக்கன் சுமையை இறக்கிவைக்கும் கல் நாட்டினர். துயரத்தை அறமாக்கும் வகையை நம் முன்னோர் இவ்வாறு கண்டனர். மகனையும் மருமகளையும் ஒருங்கே இழந்த மங்கம்மாள், நாட்டிலுள்ள வழிகளிலெல்லாம் நிழலும் நீரும் வைத்ததும் இவ்வகையைச் சார்ந்ததே என்று யான் கருதுகின்றேன். அவர் தம் துயரத்தை அரண்மனைக்குள்ளே பூட்டிவைத்தாரில்லை. வெளியே கொணர்ந்து, பிறர் சுமை இறக்கும் கல்லாக்கினார்.

அம்மையாரின் இறுதி

இப்போது சொல்வதற்கு இனிதல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. மங்கம்மாளின் இறுதிக்காலத்தைப் பற்றி மதுரையிலே வழங்கும் செவிவழிச் செய்தி கொடியது. பேரன் வளர்ந்து ஆட்சிக்கு உரிய பருவம் எய்தியபோது, அவனைச் சூழ்ந்திருந்தோர் அவன் மனத்தைத் திரித்தனராம். பாட்டியார் ஆட்சியை விடமாட்டார் என்று அஞ்சி, அவரை அவருடைய மாளிகையிலேயே சிறைவைத்தனராம். உணவைக் கண்ணுக்குத் தெரியுமாறும் கைக்கு எட்டாதவாறும் வைத்து, பட்டினியால் மாளச் செய்தனராம். பழைய மத்தியச் சந்தை இருந்த இடமே அச்சிறையிடம் என்றும் கூறுவர்.

வரலாற்றறிஞர் இதனை உறுதிசெய்தாரில்லை. பேரனாகிய விசயரங்க சொக்கநாதர் 1732 வரையில் ஆண்டார். கோயில்களுக்கு வாரி வழங்கியவர் என்றே அவரைப் பற்றி ஏடுகள் கூறுகின்றன; திருவரங்கத்திலே அவர் தேவியரோடு கைகூப்பி நிற்கும் உருவங்களை இன்றும் காணலாம். ஆதலின் அவர்மேற் பழி சுமத்த யான் முற்படவில்லை.

ஆயினும் மக்கள் இக்கதையை முந்நூறாண்டாக ஏன் விடாது சொல்லி வருகின்றனர்? நாடெங்கும் வழிநடப்பார்க்குச் சோறிட்ட கை, தன் வீட்டிலே ஒரு பிடி சோற்றுக்கு நீண்டது, அது கிட்டவில்லை. வளர்த்த பாட்டியை வளர்ந்த பேரன் மறப்பது உலகிலே நிகழக்கூடியது என்பதை மக்கள் அறிவர். அதனினும் பெரிய பாவமில்லை என்பதையும் அறிவர். அவ்வறிவையே அவர்கள் அரசியின் கதையாக்கி வைத்தனர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அக்கதை வினவுகின்றது: 'உன் அவ்வா இன்று உண்டாளா?'

சகோதரர்களே! இவ்வினாவுக்கு நாம் யாவரும் நெஞ்சறிய விடையிறுத்தல் கூடுமோ? மாடியிலே மகன் குடும்பம். மாட்டுக்கொட்டில் இருந்த இடத்திலே தாயின் கட்டில். வெளிநாட்டிலே பேரன், வெறும் வீட்டிலே பாட்டி. மாதந்தோறும் பணம் வருகின்றது, ஆனால் 'உண்டாயா?' என்னும் சொல் வருவதில்லை. பெற்றோரையும் மூத்தோரையும் பேணுதற்கென்று 2007-ஆம் ஆண்டிலே நம் நாட்டிற் சட்டம் ஒன்று இயற்றவேண்டியதாயிற்று. அச்சட்டம் பேரன் பேத்தியரையும் பொறுப்பாளியாக்குகின்றது. சட்டம் நன்றே. ஆனால் அறமாகச் செய்யவேண்டியதைச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் நிலை நமக்கு வந்தது வெட்கப்படத்தக்கதன்றோ?

நம் கடன்

இதுகாறும் கூறியவற்றால் நாம் கொள்ளவேண்டுவன மூன்று.

முதலாவது, நம் கொடிவழிப் பட்டியல்களிலே ஆண்மக்கள் பெயரே தொடர்ந்து வருகின்றது. தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஏழு தலைமுறை ஒப்பிப்பவன், தன் அவ்வாவின் தாய் பெயரைக் கேட்டால் விழிக்கின்றான். எந்த ஊரிலிருந்து அவள் வாழ்க்கைப்பட்டு வந்தாள், எந்தக் கிணற்றுக்கு அவள் காசு கொடுத்தாள், எந்தக் கோயிலுக்கு எண்ணெய் ஊற்றினாள் என்பன எழுதப்படாமலே மறைந்து போகின்றன. ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு மூதாட்டியரின் பெயரையும் அவர் செய்த அறத்தையும் எழுதி நம் சங்கப் பத்திரிகைக்கு அனுப்புவாராக. பெரிய அறமாக இருக்கவேண்டுவதில்லை, மோர்ப்பானையும் எழுதத்தக்கதே. உயிரோடிருக்கும் பாட்டியரைக் கேட்டு எழுதுதல் இன்னும் நன்று. பேத்திமார் அருகில் அமர்ந்து கேட்பாராயின், கேட்கும் பொழுதாவது அவருக்கு ஒரு துணை கிடைக்கும்.

இரண்டாவது, அவர் இறந்தபின் படத்துக்கு மாலையிட்டு நூறு பேருக்கு இலை போடுதலினும், இருக்கும்போது ஒரு வேளை உடனிருந்து உண்ணுதல் மேல். இதனைச் சொல்லப் பண்டிதன் வேண்டுவதில்லை. ஆயினும் சொல்லாமலிருக்கவும் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, நம் சங்கத்தின் அறங்களைப் பற்றியது. இது சிலருக்கு உடன்பாடன்று என்பதை அறிவேன், பெரியோர் பொறுத்தருள்க. நம் சங்கப் பொருள் நம்மவர்க்கே பயன்படல்வேண்டும் என்று கூறுவாருளர். அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. நம்முள்ளே ஏழை மாணவர் உளர். அவர்க்கு உதவுதலே சங்கம் தோன்றியதன் நோக்கம். அதனைக் குறைக்கவேண்டும் என்று யான் சொல்லவில்லை. ஆனால் நீரும் நிழலும் வேறு. சாலையோரத்து மரம் தன் நிழலில் அமர்பவனிடம் குலம் கேளாது. மங்கம்மாள் சாலையிலே நடந்தவர் யாவரும் தெலுங்கரோ?

இன்று வடநாட்டிலிருந்து பிகாரிகளும், சார்க்கண்டத்தாரும், ஒடியரும் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டுக்கு வருகின்றனர். கட்டட வேலையிலும் ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைக்கின்றனர். அவருடைய மொழி நமக்கு விளங்குவதில்லை; நம் மொழி அவருக்கு விளங்குவதில்லை. தொலைவில் ஏதோ ஒரு சிற்றூரிலே அவருக்கும் ஓர் அவ்வா இருப்பாள். பேரன் உண்டானோ என்று எண்ணிக்கொண்டிருப்பாள். அவர்களை நம்மவரே 'வந்தேறி' என்று ஏசக் கேட்டிருக்கின்றேன். அச்சொல்லை நம் வாயால் நாம் கூறலாமோ? ஆற்றங்கரையில் திகைத்து நின்று, புங்கமரம் வளைந்துகொடுக்கக் கரையேறியவர் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாடு இது. கரையேறியபின் மரத்தை வெட்டலாமோ?

ஆதலின், வரும் சித்திரையிலே மலைப்பாதை தொடங்கும் இடத்தில், மேலேறுவோர் இறங்குவோர் யாவர்க்கும் பொதுவாக ஒரு நீர்மோர்ப் பந்தல் அமைக்கவேண்டும் என்றும், அதற்கு இன்னார்க்கு என்னும் வரையறை எதுவும் கூடாது என்றும் இப்பேரவையை வேண்டிக்கொள்கின்றேன். பெருஞ்செலவு அதற்கு இல்லை. வீட்டுக்கு ஒரு படி தயிரும், நாளொன்றுக்கு இருவர் உழைப்பும் போதும். பந்தலின் பக்கத்திலே இரண்டு புங்கங்கன்றும் நடுவோமாக. இப்பந்தலுக்கு எவர் பெயரையும் இடவேண்டுவதில்லை. இடத்தான் வேண்டும் என்பீராயின், 'அவ்வா பந்தல்' என்று இடுங்கள். எந்த வீட்டு அவ்வா என்று கேட்போர்க்கு, எல்லார் வீட்டு அவ்வாவும் என்று விடை கூறலாம்.

தாய்மார்களே! இவ்வறத்தை நடத்தும் பொறுப்பை உங்களிடமே விடுகின்றேன். ஆடவர் கூட்டங்கூடித் தீர்மானம் இயற்றுவர்; அரிசிப்பானையில் முதற்பிடியை எடுத்து வைப்பவர் நீங்களே. அந்த ஒரு பிடியாலேதான் வந்த குடிகள் இந்நிலத்தில் வேரூன்றின. அது குறையாதிருக்குமாறு மீனாட்சியம்மை அருள்புரிவாளாக.